மெரூன் சைக்கிளுக்கு நீலப் பெயின்ட்

சிவசங்கரி தன் சைக்கிளுக்குப் பெயின்ட் அடித்து முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அழகுக்காக அடிக்கவில்லை. அது அவளுடைய பழைய சைக்கிள்தான் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது. அதற்காகத்தான் அடித்தாள்.

ஏன் தெரியக்கூடாது என்று சொல்ல வேண்டுமானால் மாசி மாதத்துக்குப் போக வேண்டும்.

விருத்தாசலத்தில் பொம்மை செய்கிற ஒரு பீங்கான் கம்பெனியில் அவளுக்குப் பன்னிரண்டு வருடமாக வேலை. ஒரு தடவை சுட்டு எடுத்த பொம்மைகளைப் பளபளப்புக் கரைசலில் முக்கி எடுத்துப் பலகையில் வரிசையாக வைக்க வேண்டும். கரைசலை கிளேஸ் என்பார்கள். பூனையும் யானையும் பிள்ளையாரும் அவள் கையில் மாவு பூசிக்கொண்டு சூளைக்குள் போகும், பளிச்சென்று வெளியே வரும். அவளுக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம் என்று கூட வேலை செய்கிற பெண்கள் சொல்வார்கள். கணவர் தேவநாதன் திருப்பூரில் இருந்தார், மாதம் ஒரு தடவை வருவார். வீட்டில் அவளும், பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் கயல்விழியும்தான்.

மாசி மகத்துக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் பையைப் பிரித்த நேரத்தில் ஆத்தூரிலிருந்து போன் வந்தது. தங்கை மோகனப்பிரியாவுக்கு வலி வந்துவிட்டது, குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்யப் போகிறார்கள் என்றார்கள். சிவசங்கரி போட்டது போட்டபடி ஓடினாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்த பிறகு பஸ் ஏறி ஊர் வந்து, மறுநாள் காலையில் கம்பெனிக்கு நடந்தே போய், சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகையைப் பார்த்தாள். அவளுடைய மெரூன் கலர் லேடீஸ் சைக்கிள் அங்கே இல்லை.

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போனதாகத்தான் அவளுக்கு ஞாபகம். வாசலில் ஆட்டோ வந்து நின்றதும், டிரைவர் சில்லறை இல்லை என்றதும்கூட ஞாபகம் இருந்தது. அதெல்லாம் நடந்தது உண்மைதான். ஆனால் நடந்தது முந்தின வருடம், அவளுடைய அம்மா மயங்கி விழுந்த அன்றைக்கு. அந்த ஓட்டமும் இந்த ஓட்டமும் தலைக்குள் ஒன்றாகிவிட்டதை அவள் அப்போது அறியவில்லை.

சந்தேகம் அமிர்தத்தின் மேல் போனது. அமிர்தத்துக்கு நாற்பத்தெட்டு வயது. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சின்னக் கத்தியால் சீவுகிற வேலை. இருவரும் பத்து வருடமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். மாசி தொடக்கத்தில்தான் அமிர்தம் கேட்டிருந்தாள், அந்தச் சைக்கிளைக் கொடுப்பதாக இருந்தால் தன் மருமகளுக்குக் கொடு என்று. போதாததற்கு, மாசி மகத்தன்று அவள் ஒரு மெரூன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். அது மருமகளின் அண்ணனுடைய சைக்கிள் என்று அமிர்தம் விளக்கியதை யாரும் காதில் வாங்கவில்லை.

சிவசங்கரி தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில், இருபது பேர் நடுவில் வைத்துக் கேட்டாள்.

"சைக்கிளு வேணும்னா கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே அக்கா. இப்பிடி சொல்லாம கொள்ளாம எடுத்துட்டுப் போவணுமா?"

அமிர்தம் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினாள். "நான் எடுக்கல. எம்மேல நம்பிக்கை இல்லன்னா மணவாளநல்லூரு போயி பிராது கட்டு. கொளஞ்சியப்பரு சொல்லட்டும்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பொருள் தொலைந்தாலோ அநியாயம் நடந்தாலோ போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் பலரும் போகிற இடம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். தன் பெயர், ஊர், என்ன குறை, யார் மேல் சந்தேகம் என்று மனுவாக எழுதி முனியப்பர் சன்னதியில் கட்டிவிட வேண்டும். அதுதான் பிராது. மூன்று மாதத்துக்குள் சாமி தீர்த்துவைப்பார் என்பது நம்பிக்கை. தீர்ந்துவிட்டால் கட்டினவரே திரும்பப் போய் ராஜினாமா கொடுத்துப் பிராதை முடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை சிவசங்கரி போனாள். சந்தேகப்படுகிறவர் பெயர் என்கிற இடம் வந்தபோது பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அமிர்தம் என்று எழுதினாள்.

சித்திரையில் அமிர்தம் கம்பெனித் தரையில் கிடந்த களிமண் சேற்றில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தாள். பிராது பேசிவிட்டது என்று கம்பெனியில் எல்லாரும் சொன்னார்கள். சிவசங்கரி தன் வாயால் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அன்று வேலை முடிந்து போகும்போது பாலக்கரைப் பூக்கடையில் இரண்டு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். விசேஷம் எதுவும் இல்லாத நாள் அது. பின்னால் எதை நினைத்தாலும் முதலில் அந்தப் பூதான் அவளைக் குத்தியது.

வைகாசி பிறந்ததும் மோகனப்பிரியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்தாள். அழைத்துப் போக சிவசங்கரி ஜங்ஷனுக்குப் போனாள். இருவரும் வெளியே வந்தபோது சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து ஒருவர் கைதட்டிக் கூப்பிட்டார். ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்கிற பழமலைநாதன் அவர்.

"எம்மா, பீங்கான் கம்பெனி அம்மா. சைக்கிள எனக்கே எழுதிக் குடுத்துட்டீங்களா?"

எந்தச் சைக்கிள் என்று கேட்டுக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றாள். கடைசி வரிசையில், சுவரை ஒட்டி, இரண்டு டயரும் காற்று இறங்கி, காக்கை எச்சமும் தூசியுமாக அவளுடைய மெரூன் சைக்கிள் நின்றது. ஹேண்டில்பாரில் அவளுடைய மஞ்சள் சாப்பாட்டுப் பை தொங்கியது.

அன்றைக்கு அவள் டோக்கன்கூட வாங்காமல் அழுதுகொண்டே ரயிலுக்கு ஓடியதை அவர் சொன்னார். ஏதோ சாவு போலிருக்கிறது, வருவார்கள் என்று விட்டுவிட்டாராம். குழந்தையைப் பார்த்ததும் சிரித்தார். நல்ல சேதிதான் என்றார். பாதிக் காசுதான் வாங்கிக்கொண்டார்.

"அண்ணே, இத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"இதுல சொல்றதுக்கு என்னாம்மா இருக்குது?" என்றார் அவர்.

தங்கையையும் குழந்தையையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். சைக்கிளைக் கடைத்தெரு வழியாகத் தள்ளப் பயந்து, மணிமுத்தாற்றங்கரையைச் சுற்றிக்கொண்டு போனாள். கத்திரி வெயில், தெருவில் நாய்கூட இல்லை. அப்படியும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தன் சைக்கிளைத் திருடிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

கயல்விழி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அம்மா, இது நம்ம சைக்கிளுதான?"

"இல்ல. பழசு ஒண்ணு வெலைக்கு வந்துச்சு, வாங்கிட்டேன்."

மகள் மஞ்சள் பையைத் திறந்து உள்ளே பார்த்தாள். "டிபன் பாக்ஸையும் பழசு வாங்குனியா?"

பாக்ஸுக்குள் அன்றைய புளிச்சோறு கருத்து ஓடாகக் காய்ந்திருந்தது. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் ஓடியதற்கு அது சாட்சி. சிவசங்கரி உட்கார்ந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றாள்.

"அப்ப அமிர்தம் பெரியம்மா?"

சிவசங்கரி டிபன் பாக்ஸை மூடினாள். "மொதல்ல பெயின்ட் அடிச்சிடலாம்" என்றாள்.

செலவைச் சுருக்கித்தான் செய்தாள். தங்கை வந்திருந்ததால் கையில் அதிகம் இல்லை. உப்புத்தாள் இரண்டு, அடிப்பூச்சுக்குச் சின்ன டப்பாவில் ரெட் ஆக்ஸைடு, ஒரு பிரஷ். ஹார்டுவேர் கடையில் நசுங்கிய டப்பா ஒன்று ஓரமாகக் கிடந்தது. உள்ளே நீல எனாமல். நீலம் வேண்டும் என்று அவள் நினைத்துப் போகவில்லை. நசுங்கியதால் விலை குறைவு, மெரூனுக்குக் கொஞ்சமும் ஒட்டாத கலர், அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு காலையில் வீட்டுக்குப் பின்னால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டாள். சக்கரங்களைக் கழற்றினாள். செயினிலும் பெடலிலும் ஒட்டியிருந்த பிசுக்கை மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷும் போட்டுத் தேய்த்தாள். பிறகு உப்புத்தாள். மெரூன் தூளாகி உதிர்ந்து விரல் இடுக்கெல்லாம் மருதாணி மாதிரி ஏறியது. உரசுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. ரெட் ஆக்ஸைடு அடிக்கும் முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஸ்பான்ஜைத் தண்ணீரில் நனைத்து ஃபிரேம் முழுக்கத் துடைத்துவிட்டு, உடனே பிரஷை எடுத்தாள்.

பன்னிரண்டு வருடப் பழக்கம் அது. சுட்ட பொம்மையை ஈர ஸ்பான்ஜால் துடைத்த கையோடு கிளேஸில் முக்க வேண்டும், இல்லாவிட்டால் தூசி இருக்கிற இடத்தில் கிளேஸ் பிடிக்காது. பொம்மை அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரும்பு உறிஞ்சாது என்பது அவள் கைக்குத் தெரியவில்லை. ஒரு கோட்டு காய்வதற்குள் அடுத்த கோட்டும் ஏற்றிவிட்டாள். திட்டுத் திட்டாக இருந்ததைப் பார்த்தும் கவலைப்படவில்லை. கிளேஸும் முக்கி எடுத்ததும் அப்படித்தான் இருக்கும், சூளைக்குள் உருகிச் சமமாகிவிடும். சைக்கிளைச் சூளையில் வைக்க மாட்டார்கள் என்பது வெயில் சாயும்போது கொப்புளங்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஃபிரேம் முழுக்க அம்மை போட்ட மாதிரி இருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கிள்ளினாள். உள்ளே மெரூன்.

இரண்டாவது ஞாயிறு எல்லாவற்றையும் மறுபடி உரச வேண்டியிருந்தது. கயல்விழி போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். வெயிலில் காய வை, காய்ந்த துணியால் துடை, மெல்லிசாக அடி, அடித்துவிட்டுக் காத்திரு. சொன்னாளே தவிர உப்புத்தாளைத் தொடவில்லை. கூப்பிட்டபோது, எனக்கு இந்த வேலை வேண்டாம்மா என்று உள்ளே போய்விட்டாள். மகள் சண்டை போட்டிருந்தால்கூட சிவசங்கரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாவது ஞாயிறு நீலம் நன்றாகவே ஏறியது. பின்பக்க மட்கார்டைத் தாங்குகிற கம்பியில் மட்டும் ஒரு சிக்கல். அது இரண்டு வருடத்துக்கு முன்னால் ஃபிரேமோடு சேருகிற இடத்தில் ஒடிந்துபோனது. கட்டுக்கம்பியை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே மடக்கி யாரோ இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்தால் மட்கார்டு ஆடும், அதே மாதிரி திரும்பக் கட்ட அவளுக்கு வராது. அதனால் கட்டின் மேலேயே நீலத்தைப் பூசினாள். யார் கட்டியது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கத்தான் வேகமாகப் பூசினாளோ என்னவோ.

திங்கட்கிழமை நீலச் சைக்கிளில் கம்பெனிக்குப் போனாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். புதுசா என்று கேட்டார்கள். பழசுதான், பெயின்ட்தான் புதுசு என்றாள். சொன்னதில் பொய் இல்லை. பொய் இல்லாமல் ஏமாற்றத் தெரிந்துவிட்டதே என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தோன்றியது. ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள், சாமி உனக்குச் சைக்கிளும் கொடுத்துவிட்டார், அவளுக்குக் கையில் கட்டும் போட்டுவிட்டார் என்று. எல்லாரும் சிரித்தார்கள். சிவசங்கரியும் சிரித்தாள்.

பிராது கட்டி மூன்று மாதம் முடிய இன்னும் பத்து நாள்கூட இல்லை. அன்று மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அமிர்தம் வந்தாள். கழுத்தில் தொங்கிய துணியில் கையை வைத்திருந்தாள். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லத்தான் வந்திருந்தாள். எந்தத் தெருவில் போனாலும் கையைப் பார்த்துவிட்டுப் பிராதைப் பற்றிக் கேட்கிறார்களாம். முதலாளி வெளியே போயிருந்ததால் தகரக் கொட்டகை நிழலில் உட்கார்ந்தாள்.

கை கழுவ வெளியே வந்த சிவசங்கரி அதைப் பார்த்துவிட்டாள். அமிர்தம் நீலச் சைக்கிளின் பின்னால் குந்தி உட்கார்ந்து, இடது கை விரலால் அந்தக் கம்பிக் கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் முழுதாக ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் மட்கார்டு கழன்று சக்கரத்தில் சிக்கியபோது, இதே கொட்டகையில் இப்படியே குந்தி உட்கார்ந்து அதைக் கட்டிக்கொடுத்தது அமிர்தம்.

அமிர்தம் நிமிர்ந்து பார்த்தாள். "கம்பிய அவுத்துட்டு அடிச்சிருக்கலாமே சங்கரி."

சிவசங்கரி பக்கத்தில் வந்து குந்தினாள். ஸ்டாண்டு, சாப்பாட்டுப் பை, ஆட்டோ ஞாபகம், மூன்று ஞாயிறு, எல்லாவற்றையும் சொன்னாள். மல்லிகைப் பூவையும் சொன்னாள். அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அமிர்தம் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் தன் கையில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கே எம்மேல சந்தேகம் வந்துடுச்சு, தெரியுமா? கை ஒடஞ்சப்ப, சாமி பொய் சொல்லாதே, நாந்தான் என்னமோ பண்ணியிருக்கேன்போலன்னு நெனச்சேன். மருமவ அண்ணன் வூட்டுக்கு ஆள அனுப்பி, அது அவஞ் சைக்கிளுதானான்னு கேட்டுட்டு வரச் சொன்னேன்."

சிவசங்கரி காலில் விழக் குனிந்தாள். அமிர்தம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட வந்து அழுதா ஆச்சா? எங்க வச்சுக் கேட்டியோ அங்க வச்சு சொல்லு."

சாப்பாட்டு மணி அடித்தது. இருபது பேரும் வட்டமாக உட்கார்ந்து பாத்திரத்தைத் திறக்கிற நேரத்தில், சிவசங்கரி சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள். அமிர்தம் வாசற்படியில் நின்றாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், மெஷின் பக்கம் கிடந்த, கம்பி முறுக்குகிற கொறட்டை எடுத்துக் கம்பிக் கட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு சுற்றாக அவிழ அவிழ நீலம் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. கம்பி இருந்த இடத்தில் வளையல் அகலத்துக்கு மெரூன் தெரிந்தது.

"இது என் பழைய சைக்கிளுதான்" என்றாள். "யாரும் எடுக்கல. நாந்தான் ஜங்ஷன் ஸ்டாண்டுல வச்சிட்டு மறந்துட்டேன். அமிர்தம் அக்கா மேல வீணா பழி போட்டேன். தெரிஞ்ச பொறவும் சொல்லாம பெயின்ட் அடிச்சு மறைச்சேன்."

காலையில் சாமியைச் சொல்லிச் சிரித்தவள் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாள். மூலையிலிருந்து ஒரு கிழவி மட்டும் கேட்டாள்.

"அப்ப சைக்கிளு அங்க நின்னுச்சு, அமிர்தம் இங்க குத்தவாளியா நின்னாளா?"

சிரிப்பு வந்தது. இந்தத் தடவை எல்லாரும் சிவசங்கரியைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்கு ஸ்டாண்டு சங்கரி என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், கோபித்துக்கொள்வதில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு மணவாளநல்லூர் போனாள். கட்டு இல்லாத மட்கார்டு வழி முழுக்கக் கடகடவென்று அடித்தது. ராஜினாமாவில், பொருள் கிடைத்தது என்று எழுதினால் போதும் என்றார்கள். அவள் இன்னொரு வரியும் எழுதினாள்: நானே வைத்து மறந்தது, அமிர்தம் எடுக்கவில்லை. பேனா இந்தத் தடவை எங்கும் நிற்கவில்லை.

திரும்பும்போது அமிர்தத்தின் வீட்டு முன்னால் இறங்கி, பிராது முடிந்துவிட்டது என்று சொன்னாள். மருமகள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. அமிர்தம் வேலையை விடப்போவதில்லை, கட்டுப் பிரித்ததும் வருவேன் என்றாள். சிவசங்கரி கிளம்பியபோது மட்கார்டு மறுபடி அடித்தது. அமிர்தம் உள்ளே போய், ஒரு முழம் கட்டுக்கம்பியை எடுத்து வந்து சைக்கிள் கேரியரில் போட்டாள்.

"நீயே கட்டிக்க" என்றாள்.

சிவசங்கரி வீட்டில் உட்கார்ந்து கட்டிப் பார்த்தாள். கயல்விழி இந்தத் தடவை கேட்காமலே வந்து மட்கார்டைப் பிடித்துக்கொண்டாள். நாலைந்து தடவை பிரித்துப் பிரித்துக் கட்டினார்கள். அமிர்தம் கட்டிய மாதிரி அது இறுகவே இல்லை. வண்டி பள்ளத்தில் இறங்கினால் இப்போதும் கடகடக்கிறது. காலையில் அந்தச் சத்தம் கேட்டால் கம்பெனிக்குள் இருக்கிறவர்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வருவது யார் என்று எல்லாருக்கும் தெரியும். பிசிறு சீவிக்கொண்டிருக்கிற அமிர்தமும் தலை நிமிர்த்துவதில்லை, பக்கத்தில் கிடக்கிற தன் பையை மட்டும் கொஞ்சம் நகர்த்தி இடம் விடுகிறாள். சில நாள் அதுவும் இல்லை.